இத்தாலி வண்டி என்று வாங்கிய லாம்பி

2021 கடைசியில், தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டகையிலிருந்து நாலு பேர் சேர்ந்து இந்த ஸ்கூட்டரை வெளியே இழுத்தோம். டயர் இரண்டும் மண்ணோடு மண்ணாக ஒட்டியிருந்தன. சீட்டுக்குள் எலி குடித்தனம். உடம்பு முழுக்கத் துரு. முன்பலகையில் சாய்வெழுத்தில் 'லாம்ப்ரெட்டா' என்று எழுதிய பட்டை மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"ஒரிஜினல் இட்டாலி மேக் சார். லண்டன்ல இதுக்கு லட்சக்கணக்குல கேக்குறான்" என்றார் புரோக்கர். நான் 65,000 ரூபாய் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் காட்டினார், எழுத்து மங்கலாக இருந்தது, அசல் பிறகு வரும் என்றார். சரி என்றேன். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு: கேள்வி கேட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். எனக்கு அது ரொம்பவே இருந்தது.

திருச்சிக்குக் கொண்டுவந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்கூட்டர் வேலை மட்டுமே செய்துவரும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பாய் பட்டையைப் பார்க்கவே இல்லை. வலப்பக்க மூடியைக் கழற்றினார், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சட்டத்தின், அதாவது வண்டியின் எலும்புக்கூடான ஃபிரேமின், பின்பக்கத்தைத் துடைத்தார், அங்கே வெட்டியிருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் முன்பலகைக்கு வந்து, பட்டைக்கு மேலே கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே பட்டி. பட்டி உதிர்ந்ததும் பழைய துளைகள் இரண்டு தெரிந்தன. இப்போதிருக்கும் பட்டையின் ஊசிகளுக்கும் அந்தத் துளைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

"தம்பி, இது லாம்பி. எவனோ பேர மாத்தி வச்சிருக்கான்."

லாம்பி என்பது லாம்ப்ரெட்டா உருவத்தில் இந்தியாவில் செய்த வண்டி. அன்று எனக்கு வந்த கோபம், ஏமாந்துவிட்டோமே என்ற கோபம். அது தணிய மூன்று மாதம் ஆயிற்று. தணித்தது பாயின் சமாதானம் அல்ல, இந்த வண்டிக்கு லாம்பி என்று பெயர் வந்த கதை.

மிலான் நகரத்தின் லாம்ப்ராத்தே என்ற பகுதியில் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி என்பவருக்கு எஃகுக் குழாய்த் தொழில். இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலை நொறுங்கியது. போர் முடிந்ததும், மக்களுக்கு மலிவாக ஒரு வண்டி செய்யலாம் என்று அவர் நினைத்தார். முதலில் அவருக்கு வரைந்து கொடுத்தவர் விமானப் பொறியாளர் கொராதீனோ தஸ்கானியோ. விமானம்போலத் தகடே சட்டமாக நிற்க வேண்டும் என்றார் அவர். இன்னொசென்டியோ குழாய் விற்கிறவர், சட்டம் குழாயில்தான் வேண்டும் என்றார். அந்தப் பொறியாளர் விலகி பியாஜியோ என்ற நிறுவனத்துக்குப் போனார், அங்கே 1946இல் வெஸ்பா பிறந்தது. 1947இல் இன்னொசென்டியின் குழாய்ச் சட்ட வண்டி வந்தது. ஊர்ப் பெயரை ஒட்டி அதற்கு லாம்ப்ரெட்டா என்று பெயர். நம் ஊரில் ஐம்பது வருஷம் டீக்கடைகளில் நடந்த 'வெஸ்பாவா லாம்ப்ரெட்டாவா' சண்டைக்கு மூலம் இந்தத் தகடு-குழாய்த் தகராறுதான். வெஸ்பாவில் எஞ்சின் வலப்பக்கம் தொங்கும். லாம்ப்ரெட்டாவில் நட்டநடுவே, சீட்டுக்கு அடியில் படுத்திருக்கும். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

1958இல் இன்னொசென்டி நிறுவனம் எல்.ஐ. என்ற லாம்ப்ரெட்டா வரிசையைக் கொண்டுவந்தது. எல்.ஐ. 150இன் எஞ்சின் 148 சிசி. நாலு கியர், பின்சக்கரத்துக்கு எண்ணெய்க்குள் மூடி ஓடும் செயின், 10 அங்குலச் சக்கரம். முதல் சீரிஸில் ஹெட்லைட் முன்பலகையில் அசையாமல் இருந்தது. 1959இல் வந்த இரண்டாம் சீரிஸில் அது ஹேண்டில்பாருக்கு ஏறி, திரும்பும் பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. மூன்றாம் சீரிஸில் உடம்பையே மெலிதாக்கிவிட்டார்கள். என் வண்டியின் அகலமான இடுப்பும் ஹேண்டிலில் உட்கார்ந்திருக்கும் ஹெட்லைட்டும் அந்த இரண்டாம் சீரிஸுடையவை. இத்தாலியில் சில வருஷங்களே ஓடிய அந்த உருவம் இந்தியாவில் பல காலம் ஓடியது.

ஓட்டியது ஏ.பி.ஐ., அதாவது ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1949இல் பம்பாயில் தொடங்கிய நிறுவனம். ஐம்பதுகளில் எல்.டி. என்ற பழைய லாம்ப்ரெட்டா மாடலையும், அப்புறம் எல்.ஐ. 150இன் இரண்டாம் சீரிஸையும் உரிமம் பெற்று இங்கே தயாரித்தார்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரேதான். நான் பத்து வயதிலிருந்து அந்த மைதானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் லாம்ப்ரெட்டாவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இனிதான் பெயர்ச் சிக்கல். எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொசென்டி ஸ்கூட்டர் தொழிலைக் கைவிட்டது. இந்திய அரசு 1972இல் அந்த இயந்திரங்களையும், அவற்றோடு லாம்ப்ரெட்டா என்ற பெயரையும் விலைக்கு வாங்கியது. அதற்கென்றே லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம். 1975இல் உற்பத்தி தொடங்கியது. உள்ளூருக்கு விஜய் சூப்பர் என்ற ஸ்கூட்டர், வெளிநாட்டுக்கு ஜி.பி. என்ற மாடல் லாம்ப்ரெட்டா. பெயர் லக்னோவுக்குப் போனதும், கால் நூற்றாண்டாக அதே பெயரில் வண்டி விற்றுவந்த ஏ.பி.ஐ.க்கு அந்தப் பெயரைப் போடும் உரிமை போயிற்று. 1976 வாக்கில் அவர்கள் லாம்ப்ரெட்டாவை வெட்டி லாம்பி ஆக்கினார்கள். உடம்பு அதேதான், பெயர்தான் குட்டையானது.

இதே கதி பஜாஜுக்கும் வந்தது. 1971இல் பியாஜியோ உரிமத்தை நீட்டிக்காததால் வெஸ்பா என்ற பெயரை விட்டார்கள். 1972இல் சேட்டக் வந்தது. அந்தப் பெயர் மாற்றத்துக்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவன் ஊரை விட்டுப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டால் பழைய பட்டப்பெயர் மறந்துபோகும் இல்லையா, அப்படி. லாம்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அகலமான பழைய உருவம், எண்பதுகளில் வந்து இறங்கிய 100 சிசி ஜப்பானிய பைக்குகள், பக்கத்திலேயே பஜாஜின் அசுர உற்பத்தி. பெயரைக் கேட்டால் ஏதோ போலிபோலத் தோன்றுவதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. பஜாஜ் தன் பெயரைப் போட்டது. ஏ.பி.ஐ. இன்னொருவர் பெயரின் மிச்சத்தைப் போட்டது.

இப்போது லாம்பியைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம். துரு தின்றது பாதி. மீதியைப் பட்டை மாற்றுகிறவர்கள் தின்கிறார்கள். ஐரோப்பாவில் பழைய லாம்ப்ரெட்டாவுக்கு நல்ல விலை இருப்பதால், இங்கே கிடக்கும் லாம்பிகளுக்கும் விஜய் சூப்பர்களுக்கும் இத்தாலி வேஷம் கட்டி அனுப்பும் வியாபாரம் பல வருஷமாக நடக்கிறது. பட்டியும் பளபளப்பும் போட்டு, உள்ளே தேய்ந்த எஞ்சினோடு போய்ச் சேரும் வண்டிகளால் இந்தியாவில் புதுப்பித்த வண்டி என்றாலே அங்கே முகம் சுளிக்கிறார்கள். என் வண்டியும் அந்த வரிசையில் பாதி தூரம் போய் நின்றுபோன ஒன்று.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இதை லாம்பியாகவே எழுப்புவது என்று முடிவு செய்தேன். முதல் வேலை கராஜில் இல்லை, காகிதத்தில்.

அசல் ஆர்.சி. வரவே இல்லை. புரோக்கர் போன் எடுப்பதை நிறுத்தினார். நேரே தேவகோட்டை வீட்டுக்கே போனேன். எண்பது தாண்டிய ஒரு ஆச்சி வளவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"லாம்ப்ரெட்டான்னு சொல்லியா வித்தான்? அது லாம்பி தம்பி. பஜாஜுக்குப் பணங் கட்டிட்டு எங்க வீட்டுல வருஷக்கணக்காக் காத்துக் கெடந்தாக. வரல. அப்பறம் இது வந்துச்சு. நம்ம சிதம்பரஞ் செட்டியார் கம்பெனி வண்டின்னு சொல்லி வாங்கிட்டு வந்தாக."

அந்தக் காலக் காத்திருப்பை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எந்தத் தொழிற்சாலை எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்த காலம். பஜாஜுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணம் கட்டினால் வரிசையில் முந்தலாம். முந்த முடியாதவர்கள் லாம்பியையும் விஜய் சூப்பரையும் பார்த்தார்கள். லாம்பி வாங்கிய பல வீடுகளில் அது இரண்டாவது விருப்பமாகத்தான் நுழைந்திருக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஆச்சி அதைச் சொன்ன விதத்தில் குறை எதுவும் இல்லை.

அசல் ஆர்.சி. இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கையால் எழுதிய சின்னப் புத்தகம். தயாரிப்பாளர் ஏ.பி.ஐ. லிமிடெட், ஆண்டு 1978. உரிமையாளர் ஆச்சியின் கணவர், அவர் காலமாகிப் பல வருஷம். அங்கேதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. காலமானவர் பெயரில் இருக்கும் வண்டியை நேராக நம் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 மூலம் வாரிசு ஒருவர் பெயருக்கு வர வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவை. அதன் பிறகு படிவம் 29, 30 போட்டு நமக்கு. ஆச்சிக்கு மூன்று பிள்ளைகள், ஒருவர் மலேசியாவில். எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. ஆச்சி மட்டும் ஒத்துழைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்னிடம் இருப்பது இரும்புக் கடைச் சரக்கு.

ஆகவே பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் எடுத்து வைக்கும் முன் அசல் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். அதிலுள்ள சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் வெட்டிய இடத்தில் அரம் போட்ட தடமோ வெல்டிங் தடமோ இருந்தால், எவ்வளவு மலிவானாலும் திரும்பி நடந்துவிடுங்கள். பட்டை, பெயிண்ட், ஸ்பீடோமீட்டர் எல்லாம் யாரும் எப்போதும் மாற்றக்கூடியவை. புரோக்கரை விடுங்கள், வண்டி நின்ற வீட்டில் ஒரு வயதானவரிடம் பேசினாலே பாதி விஷயம் வந்துவிடும்.

அடுத்து வேலைக்கு வருவோம். இதில் என் முதல் முட்டாள்தனம், பெயிண்டில் தொடங்கியது. வண்டி சீக்கிரம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், எல்லாவற்றையும் கழற்றி டிங்கரிங், பெயிண்ட் முடித்துவிட்டேன். பிறகு மாட்டும்போது பார்த்தால் சட்டத்தில் ஸ்டாண்டு பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரிசல். லாம்ப்ரெட்டாவின் குழாய்ச் சட்டம் பலமானதுதான், ஆனால் நாற்பது வருஷமாகத் தேங்கிய ஈரம் குழாயின் அடியிலிருந்து அரிக்கும், மேலே தெரியாது. வெல்டிங் வைத்ததில் புதுப் பெயிண்ட் பொசுங்கிப்போனது. பாய் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கி வரச் சொன்னார். பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியை ஒரு முறை முழுசாக மாட்டிப் பார்க்க வேண்டும். மூடிகள் இரண்டும் இடைவெளி சரியாக உட்காருகிறதா, இரு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா, ஹேண்டில் பூட்டு விழுகிறதா எல்லாம் பார்த்துவிட்டு, திரும்பக் கழற்றி, அப்புறம்தான் பெயிண்ட். இரட்டை வேலைதான். ஆனால் நான் செய்தது மூன்று மடங்கு வேலை.

இரண்டாவது, சாமான். லாம்பிக்கு என்று தனியாகச் சாமான் கிடைக்காது என்று பயந்திருந்தேன். உண்மையில் எல்.ஐ.யிலிருந்து லக்னோ ஜி.பி. வரை எஞ்சின் ஒரே குடும்பம் என்பதால், விஜய் சூப்பர் சாமான் நிறையப் பொருந்துகிறது. கிளட்ச் தட்டுகள், கேபிள்கள், செயின், ரப்பர்கள் எல்லாம் வந்துவிட்டன. அந்த உற்சாகத்தில் லக்னோ வகைக் கிராங்க் ஒன்றையும், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டையும், வாங்கிவிட்டேன். மின்சாரம் தரும் காந்தச் சக்கரமான மேக்னட் அதில் உட்காரவில்லை. கிராங்க் முனை கூம்பாக இருக்கும், அந்தக் கூம்பின் மேல்தான் மேக்னட் இறுகிப் பிடிக்கும். எல்.ஐ.யில் கூம்பு சிறியது, ஜி.பி.யில் பெரியது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடித்து ஏற்றிவிடலாம் என்றான் கடைப் பையன். பாய் அவனை அடிக்காதது அவன் அதிர்ஷ்டம். கடைசியில் பழைய கிராங்கையே, பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மட்டும் புதிதாகப் போட்டு, லேத்தில் நேர் பார்த்து மாட்டினோம். பக்கவாட்டு மூடிகளும் அப்படியே: மெலிந்த மூன்றாம் சீரிஸ் மூடி அகல இடுப்பு இரண்டாம் சீரிஸுக்கு வராது. 'லாம்ப்ரெட்டா சாமான்' என்று மொத்தமாகச் சொல்லி விற்பவரிடம் எந்த சீரிஸ் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் உங்கள் பழைய சாமானை மாதிரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆறுதலான ஒன்று டயர். 3.50-10 அளவு சேட்டக்குக்கும் அதுவே என்பதால் எங்கும் கிடைக்கிறது. ஆனால் டயர் மாற்றும்போது ஒரு ஆபத்து உண்டு, இதை மட்டும் மறக்காதீர்கள். இந்த ரிம் இரண்டு பாதிகளாகச் சேர்த்து நட்டு போட்டது. சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் நட்டுகள் வேறு, ரிம்மின் பாதிகளைச் சேர்த்திருக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்துக்கு வரும். இந்தக் காலத்துப் பஞ்சர் கடைப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. நான் எப்போதும் முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் சக்கரத்தைக் கையில் கொடுக்கிறேன்.

2022 பொங்கலுக்கே ஓட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முதல் கிக்கில் எஞ்சின் உயிர் பெற்றது 2023 ஜனவரியில். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன். புகை தெருமுனை வரை போனது. எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினார்.

மூன்றாவது தவறு ரோட்டில். இது டூ-ஸ்ட்ரோக். எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் உயிர். பாயின் கணக்கு 4 சதவீதம், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. முன்பெல்லாம் பெட்ரோல் பங்க்கிலேயே கைபம்பு ஒன்று இருக்கும், நாம் கேட்காமலே டூ-டி ஆயில் ஊற்றுவார்கள். இப்போது அது இல்லை. ஆயில் பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொண்டு நாமே கலக்க வேண்டும். ஒருநாள் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன், வழியில் மூன்று லிட்டர் போட்டேன், பங்க்கில் ஒரு பெரியவர் வண்டியைப் பற்றிக் கேட்டார், நான் லாம்பியின் வரலாற்றை ஆரம்பித்தேன், ஆயிலை மறந்தேன். கீரனூர் தாண்டியதும் சத்தம் மாறியது, இழுவை குறைந்தது, பின்சக்கரம் படக்கென்று நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். ஆயில் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. திரும்ப சிலிண்டரைக் குடைந்து போரிங், அடுத்த அளவு பிஸ்டன், இன்னொரு மாதம்.

அன்றிலிருந்து பெட்ரோல் டாங்க் மூடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். ஆயில் ஊற்றினால்தான் நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் அதன் பிறகு மறக்கவில்லை. இன்னொரு விஷயம்: டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் தானாக வேகமெடுத்து ஓடினால், நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, பெரும்பாலும் மேக்னட் பக்க ஆயில் சீல். கலவை மெலிந்தால் அதுவும் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். அதேபோல, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு அழகுக்கு இல்லை. மேக்னட்டில் உள்ள விசிறி தள்ளும் காற்று அந்தக் கூட்டுக்குள் போய்த்தான் எஞ்சினைக் குளிரவைக்கும். கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு டியூனிங் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கியர் பெட்டிக்கு ஆயில் தனி, சுமார் 700 மில்லி. அதே ஆயிலில்தான் கிளட்சும் செயினும் ஓடுகின்றன. நவீன கார் கியர் ஆயில் எதையாவது ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், பழையபடி 90 என்று எண் போட்ட சாதாரண கியர் ஆயில் போதும். பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை, எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைக்கும். டியூபையும் வாஷரையும் புது ரகத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டாங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இடது கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்ற வேண்டும். இரண்டு கேபிள்களில் ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் இரண்டாம் கியர் துள்ளிக் குதிக்கும். 6 வோல்ட் விளக்கு சிக்னலில் நிற்கும்போது மெழுகுவத்தி மாதிரி மங்கும், இரவில் நெடுஞ்சாலைக்கு எடுப்பதில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மாடு அசை போடுவதுபோல நிதானமாகப் போகும். எஞ்சின் நடுவில் இருப்பதால் சைடு இழுக்காது. வெஸ்பாக்காரர்கள் என்ன சொன்னாலும் இதில் நான் சமரசம் செய்வதாக இல்லை.

சட்டப்படி பார்த்தால், 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பார்த்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். நான் அந்த வழியில்தான் ஓட்டுகிறேன். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். என் வண்டிக்கு அந்தத் தகுதி 2028இல் வரும். வந்தாலும் எடுப்பேனா தெரியாது. அந்த நம்பர் போட்டால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுது பார்க்கவும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்குக் கூடாது. எனக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டும்.

'லாம்ப்ரெட்டா' பட்டையைக் கழற்றி மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். அசல் லாம்பி பட்டை இன்னும் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து தருகிறோம் என்கிறார்கள், மனசு வரவில்லை, அதுவும் ஒரு பட்டை மாற்றம்தானே. பாய் கண்டுபிடித்த துளைகளுக்கு இரண்டு கருப்பு ரப்பர் அடைப்பு போட்டு விட்டிருக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது, "என்ன வண்டி சார் இது, பேரே காணோம்" என்று கேட்கிறார்கள். பச்சை விழும் வரை எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறேன்.

ஏ.பி.ஐ. லாம்பியோடு 175 சிசி வண்டி ஒன்றும் செய்தது. பெயர் மேக் 175, எம்.ஏ. சிதம்பரத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. லாம்பியே அபூர்வம், இது அதைவிட அபூர்வம். போன மாதம் காரைக்குடியிலிருந்து ஒருவர் பேசினார், தன்னிடம் ஒரு மேக் 175 இருக்கிறது, பட்டைகூட அப்படியே பளபளப்பாக இருக்கிறது என்றார். சட்ட எண்ணையும் அசல் ஆர்.சி.யையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.